மாவட்டத்துக்கு ஓர் இடம்

காற்றுக் காலம் தொடங்கிவிட்டால் எங்கள் ஓவிய நூதனசாலையில் ஒரு படமும் நேராக நிற்காது, ஐயா. களப்புப் பக்கத்து யன்னல்களை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் காற்று எப்படியோ உள்ளே வந்து சட்டங்களின் ஒரு மூலையை மெல்லத் தூக்கிவிட்டுப் போகும். காலையில் வந்ததும் நான் முதலில் அவற்றை நேராக்குவேன். அது என் வேலை அல்ல. நான் காவல்காரன். கதவு திறப்பதும் பூட்டுவதும்தான் என் பொறுப்பு. ஆனாலும் ஒரு படம் சரிந்திருக்கிறதைப் பார்த்துக்கொண்டு என்னால் கதிரையில் இருக்க முடியாது.

என் பெயர் குலசேகரம். சொந்த ஊர் கிளிநொச்சிப் பக்கம். சண்டைக் காலத்தில் மனைவியையும் கைக்குழந்தையாக இருந்த மகளையும் கூட்டிக்கொண்டு புத்தளத்துக்கு வந்தேன். திரும்பிப் போவதற்கு அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. கல்பிட்டிப் பாதையில் பழைய கொப்பறாக் கிட்டங்கிக் கட்டடம் ஒன்று வெகுகாலம் பூட்டிக் கிடந்தது. வெளிநாட்டில் இருக்கிற ஒரு குடும்பம் அதை வாங்கி, சுவர்களுக்கு வெள்ளை பூசி, ஓவிய நூதனசாலை ஆக்கியது. டொல்பின் பார்க்க வருகிற வெள்ளைக்காரர் வெயில் ஏறியதும் உள்ளே வந்து படங்களைச் சுற்றிப் பார்ப்பார்கள். தொடங்கிய நாளிலிருந்து வாசலில் நான்தான் இருக்கிறேன்.

நீங்கள் ஸும்ராவைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதற்கு முதல் அந்தப் பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் காரணம் இல்லாமல் செய்தவன் என்று என்னை நினைத்துவிடுவீர்கள்.

ஒவ்வொரு வருடமும் சில மாணவர்களை உள்ளகப் பயிற்சிக்கு எடுப்பார்கள். ட்ரெயினிங் என்றுதான் நாங்கள் சொல்வோம். வருகிறவர்கள் பெரும்பாலும் கொழும்புப் பிள்ளைகள். அவர்களுக்கு அது கடற்கரையில் கழிக்கிற விடுமுறை மாதிரி. புத்தளம் மாவட்டத்துப் பிள்ளைக்கென்று ஓர் இடம் மட்டும் ஒதுக்கியிருந்தார்கள். அந்த ஓர் இடத்தில் வந்து போனவர்கள் ஒருவரும் பிறகு வேலை இல்லாமல் வீட்டில் இருந்ததில்லை. முந்தின வருடம் உடப்பிலிருந்து கௌசிகன் என்று ஒரு பொடியன் வந்தான். வரும்போது ஆளை நிமிர்ந்து பார்த்துக் கதைக்கத் தெரியாது. இப்போது கொழும்பில் பெரிய கலைக்கூடம் ஒன்றில் வேலை. அடுத்தது ஜப்பானுக்குப் போகப் போகிறானாம். நான் வாசலில் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவன், ஐயா. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

என் மகள் சுலக்சனா நன்றாகப் படம் கீறுவாள். உயர்தரத்தில் சித்திரத்துக்குத்தான் அவளுக்குச் சிறந்த பெறுபேறு வந்தது. நான்தான் அவளை அந்த இடத்துக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். மாணவர்களைத் தெரிவு செய்கிறவர் யூஜீனியா மிஸ், சிலாபத்துக்காரர். நல்ல மனுசி. முடிவு வந்த அன்று என்னைத் தனியே கூப்பிட்டு அவரே சொன்னார்.

"உங்கட மகள்ட கை நல்ல கை, அண்ணே. ஆனா ஸும்ரா ஒரு சாமானைப் பார்க்கிற விதம் வேற. ஒரு இடம்தானே இருக்கு. அந்தப் பிள்ளை வராட்டி அடுத்தது உங்கட மகள்தான்."

கடைசி வசனத்தை அவர் ஒரு ஆறுதலுக்குத்தான் சொன்னார். நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

சுலக்சனா கேட்டுவிட்டு வர்ணப் பெட்டியை மூடி வைத்தாள். கொஞ்ச நாள் கழித்துச் சிலாபத்தில் ஒரு கார்மென்ட்ஸுக்கு ஆள் எடுக்கிறார்களாம், போகட்டுமா என்று தாயிடம் கேட்டாள். அந்தக் கார்மென்ட்ஸ் பஸ்ஸை நான் தினமும் பார்க்கிறேன். விடியுமுன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய், இருட்டிய பிறகு கொண்டுவந்து விடும். இறங்குகிறபோது ஒருத்தியின் முகம் இன்னொருத்தியின் முகத்தைப் போலவே இருக்கும். என் மகளின் முகம் அப்படி ஆக நான் விடப்போவதில்லை என்று அன்றைக்கே நினைத்தேன். ஒரு தகப்பன் அப்படி நினைப்பதில் பிழை இல்லை என்று நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள்.

ஸும்ரா கனமூலை ஊர்ப் பிள்ளை. தகப்பன் செய்னுலாப்தீன் வெங்காயமும் மிளகாயும் பயிரிடுகிறவர். முதல் நாள் மகளை மோட்டர் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, என்னிடம் வந்து, "அண்ணே, புள்ளயக் கொஞ்சம் பாத்துக்கங்க," என்றார். அடுத்த நாளிலிருந்து அவள் பாலாவியில் பஸ் மாறித் தானாக வருவாள். வந்ததும் சலாம் சொல்வதுபோல் நெஞ்சில் கை வைத்து ஒரு சிரிப்பு. கொழும்புப் பிள்ளைகள் என்னைத் தாண்டிப் போவார்கள். ஸும்ரா நின்று கதைத்துவிட்டுத்தான் போவாள். சுலக்சனாவைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, வேலையில் மிஞ்சுகிற வர்ணங்களை ஒரு தாளில் சுற்றி, "இத அவக்குக் குடுங்க அங்கிள்," என்று தருவாள். சுலக்சனா அவற்றைப் பாவித்தாள். இரண்டு பேரும் கைபேசியில் கதைத்துக்கொள்ளவும் தொடங்கியிருந்தார்கள்.

நான் நேர்மையாகத்தான் முதலில் கேட்டுப் பார்த்தேன். ஒரு நாள் மதியம் அவள் வாசல் மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"பிள்ளை, நீங்கள் கெட்டிக்காரி. உங்களுக்கு எங்கயும் இடம் கிடைக்கும். இந்த இடத்தைச் சுலக்சனாவுக்கு விட்டுக்குடுக்கேலாதோ?"

அவள் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு யோசித்தாள். கோபப்படவில்லை.

"வாப்பா எனக்கு மாப்புள பாத்து வெச்சிரிக்காரு, அங்கிள். இந்த ட்ரெயினிங் இரிக்கிறதாலதான் ஒரு வருஷம் பொறுக்கிறன் எண்டு செல்லிரிக்காரு. இத உட்டா அடுத்த மாசம் எனக்கு நிக்காஹ். பொறகு நான் வீட்டோடதான்." கொஞ்சம் பொறுத்து, "சுலக்சனாக்காக மிஸ்ஸிட்ட நான் கதைக்கிறன். அடுத்த வருஷம் அவதான். நான் கட்டாயம் கதைப்பன்," என்றாள்.

அந்தப் பதிலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவள் உண்மையாகவே கதைத்தும் இருந்தாள் என்று மிஸ் பிறகு சொன்னார். ஆனால் அடுத்த வருடம் என்பது, ஐயா, வசதி இருக்கிறவர்களுக்குத்தான் அடுத்த வருடம். கார்மென்ட்ஸுக்குப் போன பிள்ளை அடுத்த வருடம் திரும்பி வந்து படம் கீறியதை நான் கண்டதில்லை.

களஞ்சிய அறைக்கு வருடத்துக்கு ஒருமுறை மருந்து வைப்பார்கள். பழைய மரச் சிற்பங்கள், வள்ளப் பலகைகள், படச் சட்டங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. வண்டு விழுந்தால் உளுத்துப்போகும். புத்தளத்திலிருந்து ரிப்கான் வந்து அந்த வேலையைச் செய்வான். தட்டுகளில் மருந்தை வைத்து, யன்னலையும் காற்றுத் துளைகளையும் டேப் ஒட்டி அடைத்து, கடைசியில் கதவைப் பூட்டி அதன் இடுக்குகளுக்கும் டேப் ஒட்டுவான். மருந்து காற்றில் கரைந்து மெதுவாக நஞ்சாகும். சில நாளைக்கு ஒருவரும் உள்ளே போகக் கூடாது.

இந்த முறை அதற்கு ஒரு வெள்ளிக்கிழமையைத் தெரிந்தெடுத்தார்கள். திங்கள் போயா விடுமுறை. இடையில் ஒருவரும் வரமாட்டார்கள். யூஜீனியா மிஸ் கொழும்புப் பிள்ளைகளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு முற்பகலே போய்விட்டார். ரிப்கான் யன்னல்களை முடித்துவிட்டு வெளியே வந்து மணிக்கூட்டைப் பார்த்தான்.

"ஜும்ஆவுக்கு நேரமாச்சி, அங்கிள். மருந்து வேலை செய்யக் கொஞ்ச நேரம் எடுக்கும், பயம் இல்ல. கதவப் பூட்டி டேப்ப மட்டும் ஒட்டிடுங்களே."

டேப் சுருளை என் கையில் தந்துவிட்டு அவன் தொழப் பள்ளிவாசலுக்குப் போனான். நான் கதவைப் பூட்டினேன். டேப் ஒட்டினேன். பிறகு என் கதிரையை எடுத்துவந்து கதவுக்கு முன்னால் போட்டுக்கொண்டு இருந்தேன்.

ஸும்ரா அப்போது உள்ளே இருந்தாள்.

எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். ரிப்கான் போன கையோடு அவள் ஓடிவந்தாள். செப்புத் தகட்டில் வெட்டிய சித்திரம் ஒன்று உள்ளே தவறி விடுபட்டுவிட்டதாம். அந்த மருந்து பட்டால் செம்பு கறுத்துப் போய்விடுமாம். "ஓடிப் போய் எடுத்துட்டு வாறன், அங்கிள்," என்றாள். அந்த அறைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். மருந்து வைத்த நாளிலும் அவள் அந்தச் சட்டத்தை மீறவில்லை. கைபேசியை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். தகடு எங்கேயோ பின்பக்கத்துத் தட்டு ராக்கைக்குள் இருந்திருக்க வேண்டும். அவள் வரக் கொஞ்சம் தாமதமானது.

நான் திட்டம் போட்டவன் அல்ல. கதவு இருந்தது, பூட்டுத் திறப்பு கையில் இருந்தது, மிஸ் சொன்ன வசனம் மனதில் இருந்தது. அவளுக்குச் சும்மா ஒரு மயக்கம் வரும், ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் கிடப்பாள், பயிற்சி தவறிவிடும், அவ்வளவுதான் என்று நினைத்துச் செய்தேன் என நான் சொல்லலாம். சட்டத்தரணி அப்படிச் சொல்லச் சொல்வார். ஆனால் அப்படி நினைத்திருந்தால் டேப்பை ஒட்டியிருக்க மாட்டேன். உங்களிடம் பொய் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

அந்தச் சுவர்கள் மிகத் தடிப்பானவை. வெளியே காற்று. கைபேசி ஒருமுறை அடித்தது. திரையில் 'உம்மா' என்று இருந்தது. அடுத்தவரின் கைபேசிக்குப் பதில் சொல்கிற பழக்கம் எனக்கில்லை. நிறுத்தி என் மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

பொழுதுபடும் நேரம் செய்னுலாப்தீன் வந்தார். பிள்ளை வீட்டுக்கு வரவில்லை என்றார். பின்னேரம் பஸ் எடுக்கப் போனதைக் கண்டேன் என்று சொன்னேன். ஏதாவது ஒன்று சொல்லத்தானே வேண்டும். அவரோடு நானும் களப்புக் கரை வழியே நடந்து தேடினேன். போகிற வழியெல்லாம் ஆட்களை மறித்துக் கேட்டோம். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அவள் போனாள் என்று மட்டும்தான் நான் சொன்னேன், ஐயா. ஒருவனோடு போனாள் என்று நான் சொல்லவில்லை. அதைச் சனம் தானாகச் சேர்த்துக்கொண்டது. சனிக்கிழமைக்குள் அது கனமூலை முழுக்கப் பரவி, மாப்பிள்ளை வீட்டாரும் தங்களுக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை செய்னுலாப்தீன் தனியே வந்து நூதனசாலை வாசலில் குந்தினார். நான் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

"அண்ணே, புள்ள ஆரோடயாச்சும் கதைச்சிக்கிட்டு இருந்ததக் கண்டீங்களா? கண்டிருந்தா செல்லுங்க. நான் ஒண்டும் செய்யமாட்டன். அவ வீட்டுக்கு வந்தாப் போதும்."

"நான் ஒண்டும் காணேல்ல, நானா," என்றேன். அது உண்மை.

செவ்வாய்க்கிழமை ரிப்கான் வந்து அறையைத் திறந்தான். அவன் போட்ட சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஊரே கூடிவிட்டது. செய்னுலாப்தீன் வந்தபோது முதலில் அழவில்லை. சுற்றி நின்றவர்களில் ஒவ்வொருவரிடமாகப் போய், "புள்ள எங்கயும் ஓடல்ல. கண்டீங்களா? புள்ள இங்கதான் இருந்திரிக்கி," என்று சொன்னார். அவருக்கு அது ஒரு நல்ல செய்தி போல இருந்தது. எல்லோரிடமும் சொல்லி முடித்த பிறகுதான் நிலத்தில் அமர்ந்தார்.

பொலிஸ் என்னையும் விசாரித்தது. பஸ்ஸடியில் கண்டது வேறு பிள்ளையாக இருக்கும், கறுப்பு அபாயா போட்டிருந்தது, தூரத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்றேன். கைபேசியை அவள் மறந்து விட்டுப்போனாள் என்று கொடுத்தேன். அறையைப் பார்த்துப் பூட்ட வேண்டியவன் ரிப்கான். அவன் தொழுகைக்குப் போனதும் உண்மை, என்னிடம் டேப்பைத் தந்ததும் உண்மை. அவன் கவனயீனம்தான் காரணம் என்று அவனை மறியலில் அடைத்தார்கள். அவனுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். ரிப்கானை விடுவிக்கத்தான் நான் இன்று வந்திருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவனைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை.

நூதனசாலை கொஞ்ச காலம் பூட்டியிருந்து பிறகு திறந்தது. மிஸ் சுலக்சனாவைக் கூப்பிட்டார். அவள் போகமாட்டேன் என்று அழுதாள். வெற்றிடமாக விட்டால் அந்தப் பிள்ளைக்குத்தான் மரியாதை இல்லை என்று நான் எடுத்துச் சொன்னேன். கடைசியில் ஒத்துக்கொண்டாள். காலையில் என் சைக்கிளில் இரண்டு பேருமாகப் போவோம். அவள் உள்ளே படங்களின் தூசு தட்டுகிற சத்தம் எனக்கு வாசலுக்குக் கேட்கும். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க வேண்டியதில்லை.

பிறகு அவளைக் களஞ்சிய அறை வேலைக்குப் போட்டார்கள். காலையில் கைபேசியை என்னிடம் தருவாள், வீட்டுக்குப் போகும்போது கேட்டு வாங்குவாள். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். ஒரு நாள் பின்னேரம் நான் லாச்சியைத் திறந்து அவளுடையதை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஸும்ராட போனும் இதுக்குள்ளதானே அப்பா இருந்தது?"

"ஓம். மறந்து போட்டா."

"ஒருத்தரும் போனை மறந்து வீட்டை போறேல்ல, அப்பா. இது உங்கட லாச்சிக்குள்ள இருந்தால் அவ வெளிய வரேல்லயெண்டுதானே அர்த்தம்? அது உங்களுக்குத் தெரியும்தானே?"

நான் கைபேசியைத் திரும்ப லாச்சிக்குள் வைத்தேன். அதற்கு முதல் அவளிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

"உனக்காகத்தான், பிள்ளை," என்றேன்.

"நான் கார்மென்ட்ஸுக்குப் போக ஓமெண்டு சொன்னனான். எனக்கு அது பெரிய விசயமா இருக்கேல்ல. உங்களுக்குத்தான் அது பிடிக்கேல்ல," என்றாள். சத்தம் போடவில்லை. கைபேசியை லாச்சிக்குள்ளேயே விட்டுவிட்டு வெளியே நடந்தாள். அன்றே தாயைக் கூட்டிக்கொண்டு சிலாபத்தில் இருக்கிற சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். பொலிஸுக்குத் தானே போய்ச் சொல்லப்போவதாக மனைவி மூலம் அறிவித்தாள்.

அதனால்தான் நான் முந்திக்கொண்டு உங்கள் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். என் பிள்ளை பொலிஸிலும் நீதிமன்றத்திலும் நின்று வாக்குமூலம் கொடுத்து அலைய வேண்டியதில்லை. அவளுக்குப் பயிற்சி இன்னும் மிச்சம் இருக்கிறது. யூஜீனியா மிஸ்ஸிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஐயா. கோபத்தில் போயிருக்கிறாள், திரும்பி வருவாள், அந்த இடத்தை வேறு ஒருவருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று.

இப்போது நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. கதவில் ஏன் ஒரு கீறல்கூட இல்லை, அவள் ஏன் கதவடியில் இல்லாமல் அறையின் கடைசி மூலையில் சுவரில் சாய்ந்து, தகட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள் என்று முதலில் வந்தவர்கள் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. பூட்டியதே தெரியாமல் மயங்கியிருப்பாள், பயப்பட்டிருக்க மாட்டாள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். செய்னுலாப்தீன் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இன்று வரை இருக்கிறார். நான் இப்போது சொல்வதை அவருக்குச் சொல்வதா விடுவதா என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

நான் கதவின் கீழ்ப்பக்கத்துக்கு டேப் ஒட்டக் குனிந்தபோது அவள் தட்டினாள். பெரிதாக இல்லை, விரலால். "அங்கிள், நான் உள்ளுக்கு இரிக்கன். கதவத் தொறங்க," என்றாள். குரலில் பயம் இல்லை, தவறுதலாகப் பூட்டிவிட்டேன் என்று நினைத்துப் பாதிச் சிரிப்பாகத்தான் சொன்னாள். நான் கதவு இடுக்கில் வாயை வைத்து, "பூட்டிப் போட்டன், பிள்ளை. திறப்பை ரிப்கான் கொண்டுபோயிட்டான். நான் போய் வாங்கிக்கொண்டு வாறன். கதவடியில நிக்காதங்கோ, பின்னுக்குப் போய் ஆறுதலா இருங்கோ," என்றேன். திறப்பு என் சட்டைப் பையில் இருந்தது.

"சரி, அங்கிள். கெதியா வாங்க," என்றாள். அவள் பின்பக்கம் நடந்துபோகிற சத்தம் கேட்டது. நான் அந்த இடுக்கையும் ஒட்டி முடித்தேன். நல்ல பிள்ளை, ஐயா. அதற்குப் பிறகு ஒருமுறைகூட அவள் கதவைத் தட்டவில்லை.